செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிப் பட்டியலும் அவர் கையில்தான் இருக்கிறது, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நாற்காலி போதாமல் போன ஒரே கூட்டம், பங்கு முதலீட்டில் பேர்பெற்ற அமெரிக்கர் பீட்டர் லிஞ்ச் பற்றியது. மைக் வேலை செய்யவில்லை. பேசியவன் நான் என்பதால் தொண்டை கட்டிக்கொண்டது தனிக்கதை. வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

லிஞ்ச் பாஸ்டன் பக்கத்துக்காரர். பத்து வயதில் அப்பா போய்விட்டார். அடுத்த வருடமே கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை தூக்கும் வேலை. அங்கே விளையாட வந்தவர்களின் பேச்சு முழுக்கப் பங்குகள்தான். அவர் பை சுமந்தவர்களில் ஒருவர் ஃபிடெலிட்டி என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைவர். 1966-ல் கோடைக்கால வேலை அந்த நிறுவனத்திலேயே கிடைத்தது. பாஸ்டன் கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய ஃபிளையிங் டைகர் என்ற சரக்கு விமான நிறுவனத்தின் பங்கு, வியட்நாம் போர்க்காலத்தில் ஏறி, மேல்படிப்புச் செலவுக்கு உதவியது.

பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் ஃபிடெலிட்டியின் மெகல்லன் ஃபண்ட் 1977-ல் அவரிடம் வந்தது. அப்போது அதில் இருந்தது சுமார் 1.8 கோடி டாலர். 1990-ல் அவர் விலகியபோது 1,400 கோடி. அத்தனையும் லாபமல்ல, புதிதாகப் போட்டவர்களின் பணமும் அதில் உண்டு என்று பொருளாளர் குறுக்கிட்டார். சரிதான். ஆனாலும் ஆண்டுக்குச் சராசரி 29 சதவீத வருமானம் சும்மா வராது.

மனைவி கேரலின், கடையிலிருந்து முட்டை வடிவ டப்பாவில் காலுறை வாங்கி வந்து, நன்றாயிருக்கிறது என்றார். லிஞ்ச் விசாரித்து, அதைத் தயாரித்த ஹேன்ஸ் பங்கை வாங்கினார். விலை பல மடங்கானது. இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து, "எங்க வீட்ல நான் சொன்னா யாரு கேக்கறா?" என்று ஒரு குரல். சிரிப்பு அடங்க நேரமானது.

விலகியபோது அவருக்கு 46 வயது. அப்பா இறந்ததும் அதே வயதில்.

1999-ல் தம்பதி பாஸ்டன் கல்லூரிக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். வணிகத் துறைக்குத்தான் இருக்கும் என்று நினைத்தோம். போனதோ ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியல் பள்ளிக்கு. பள்ளிக்குச் சூட்டிய பெயரிலும் கேரலின்தான் முதலில். 2021-ல் பிக்காசோ உட்பட, சுமார் 2 கோடி டாலர் மதிப்புள்ள கலைப்படைப்புகள் அதே கல்லூரியின் அருங்காட்சியகத்துக்குப் போயின.

நம்மில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கைதட்டலைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. அப்புறம் அன்றே, நம் தெருப் பள்ளி நூலகத்துக்கென்று ஓர் உண்டியல் வைத்தோம். அது இப்போது வாசல் மேசையில் இருக்கிறது.

அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்