செயலாளரின் ஆண்டறிக்கை (வாத்தியக் கட்சிகள் விவகாரம் உட்பட)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆலோசகர் ஐயா அவர்களே, செயலவையினரே, மாலை மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார இசை ரசிகர்களான நாம் ஓராண்டில் செய்ததையும், செய்வதாகச் சொல்லிவிட்டுச் செய்யாததையும் இவ்வறிக்கை உங்கள் முன் வைக்கிறது. மேற்கத்திய இசைக்குழுவில் எந்த வாத்தியம் உயர்ந்தது என்று இவ்வாண்டு நம் சங்கம் கட்சிகளாகப் பிரிந்தது. சங்க விதிகளின்படி செயலாளருக்குக் கட்சி கிடையாது. அந்த விதியை மதித்தே எழுதியிருக்கிறேன். வயோலாவைப் பற்றிய பத்தி சற்று நீளம் என்று யாருக்காவது தோன்றினால், அந்த வாத்தியத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலவைக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. சென்ற பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் கணக்கறிக்கையும் பொறுப்பாளர் பட்டியலும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்ச் சேர்ந்தன. தோட்டத்து லயங்களை (வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிமாறிய குடும்பங்கள் பலவற்றோடு நமக்குத் தொடர்பு விட்டுப்போயிருந்தது. அவர்களில் கணிசமானோர் இவ்வாண்டு தாமாகவே வந்து சந்தா கட்டியிருக்கிறார்கள். ஏன் வந்தார்கள் என்பது கீழே விளங்கும். மண்டபத்தின் பின்மூலை மின்விசிறி இன்னும் பழுதாகவே இருக்கிறது. நவராத்திரிக் கச்சேரி, தேவார வகுப்பு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான மிருதங்கப் பயிற்சி ஆகியவை வழக்கம்போல் நடந்தன. வழக்கம்போல் நடந்ததை விரித்துச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை.

இனி விவகாரம்.

மாதந்தோறும் நடக்கும் கேட்பு நிகழ்ச்சியில் இவ்வாண்டு மேற்கத்திய இசைக்குழுவை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர் நம் உறுப்பினரான தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தொடக்கமாக, ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1936இல் எழுதிய ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற கதையிசையைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார். அதில் பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், தாத்தாவுக்குப் பஸ்ஸூன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெரியவர்கள்தாம் போகவில்லை. தாத்தா என்றால் முணுமுணுக்கும் பஸ்ஸூன்தானா என்று மூத்த உறுப்பினர்கள் இருவர் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தார்கள். கடிதம் கோப்பில் உள்ளது. ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளக் குழாயை மடித்துச் செய்த வாத்தியம் அது, அதன் நீளம் வெளியே தெரியாது என்று ஆசிரியை விளக்கினார். அதைக் கேட்டதும் ஆட்சேபித்த இருவருமே பஸ்ஸூன் கட்சியைத் தொடங்கிவிட்டார்கள். சங்கத்தில் முளைத்த முதல் கட்சி அதுதான்.

அடுத்த மாதம் முழு இசைக்குழுவைத் திரையில் பார்த்தோம். வாசிப்பு தொடங்குமுன் ஓபோக்காரர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் எல்லாரும் அதற்குச் சுதி சேர்த்தார்கள். நொடிக்கு 440 அதிர்வு என்பது பொது வழக்கம். நம் கோயில் நாதஸ்வர வித்வான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஓபோவின் வாயில் இருப்பது இரட்டை நாணல். நம் நாதஸ்வரச் சீவாளியும் அதே இனம். “அத்தனை பேருக்கும் சுதி கொடுப்பவன் நம் வீட்டுப் பிள்ளை” என்று அவர் அறிவித்தார். போலீஸ் பேண்டில் டிராம்போன் வாசித்து ஓய்வு பெற்ற அண்ணன் இதை ஏற்கவில்லை. ஓபோவின் சுதியை நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்க முடியாது, குரலும் எல்லாரையும் துளைத்துக்கொண்டு வரும், அதனால்தான் அந்த வேலையை அதனிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றார். “பிடிவாதக்காரனுக்கு மற்றவர்கள் வளைந்து கொடுப்பதை மரியாதை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது” என்றும் சேர்த்துக்கொண்டார். அன்று கூட்டம் இரவு பத்தரைக்கு முடிந்தது. வித்வானும் அண்ணனும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் வீட்டுக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் பேசிக்கொள்ளவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆண்டின் கடுமையான சண்டை பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில் பிறந்தது. வாத்தியங்கள் எந்தெந்த மரத்தில் செய்யப்படுகின்றன என்று பேச்சு வந்தது. வயலினின் மேல்பலகை ஸ்புரூஸ், அடிப்பலகை மேப்பிள், கிளாரினெட்டுக்கு ஆப்பிரிக்கக் கருமரம் என்று பட்டியல் நீண்டபோது, ஓய்வு பெற்ற தண்டல் (தோட்ட வேலைக் கண்காணிப்பாளர்) ஒருவர் கையை உயர்த்தினார். “உலகத்து மரமெல்லாம் வந்துவிட்டது. நாம் ஆயுள் முழுக்க வெட்டிய பால்மரம் எங்கே?” என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. மண்டபத்தில் பாதிப் பேர் ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்றவர்கள். கேள்வி அவர்களை உண்மையிலேயே தொட்டுவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு ஓர் இளைஞர் கிளாரினெட்டின் வாய்முனையைக் கொண்டுவந்தார். கறுப்பாக, கருங்காலியில் கடைந்ததுபோல் இருந்தது. ஆனால் அது மரமே இல்லை, எபோனைட். ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் கிடைப்பது. கந்தகமும் சூடும் சேர்ந்தால் ரப்பர் நிலைத்து நிற்கும் என்று குட்இயர் 1839இல் கண்டுபிடித்தாரே, அதே வேலையை இன்னும் அழுத்தமாகச் செய்தது. வாய்முனை கைக்குக் கை மாறியது. பால் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி அதை நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டு, “ஒட்டுப்பால் இவ்வளவு பெரிய உத்தியோகத்துக்குப் போயிருக்கிறதா!” என்றார். அன்றிரவே கிளாரினெட் கட்சி சங்கத்தின் மிகப்பெரிய கட்சியாகிவிட்டது. தாமான்களிலிருந்து வந்து சந்தா கட்டினார்கள் என்று சொன்னேனே, பெரும்பாலும் இந்தக் கட்சிதான்.

வயலின் கட்சி சும்மா இருக்குமா? அவர்களின் பேச்சாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார், ஆகவே வயலின் நம் வீட்டுக்கு வந்து இரண்டு நூற்றாண்டு ஆகிறது என்று அவர் அதுவரை வரலாறு பேசிக்கொண்டிருந்தார். வரலாறு எடுபடவில்லை என்று தெரிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு ரோசின் கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். வில்லில் கட்டியிருப்பது குதிரைவால் மயிர். ரோசின் தேய்க்காமல் அதைக் கம்பியில் இழுத்தால் ஓசையே எழாது. அந்த ரோசின் எங்கிருந்து வருகிறது? பைன் மரத்தின் பட்டையைச் சீவி, வடியும் பிசினை, ரப்பர் பால் பிடிப்பதுபோல் மங்கு (கிண்ணம்) வைத்துப் பிடித்து, காய்ச்சி, டர்பென்டைன் பிரிந்த பிறகு மிஞ்சுவது.

மங்கு என்ற சொல்லைக் கேட்டதும் கிளாரினெட் கட்சியில் பிளவு ஏற்பட்டது. ஒரே தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்து நிறையில் (மரவரிசையில்) வெட்டிய கணவனும் மனைவியும் இப்போது எதிரெதிர்க் கட்சியில் இருக்கிறார்கள். வெட்டினால் அதுவும் வெட்டுத்தான் என்கிறார் மனைவி. பிசினைப் பாலென்று சொல்ல முடியாது என்கிறார் கணவர். பைன் அந்நிய மரம் என்று கிளாரினெட் தரப்பு எழுப்பிய வாதம் நீடிக்கவில்லை. பால்மரம் மட்டும் இங்கேயே முளைத்ததா, பிரேசில் நாட்டு விதையில் வந்த கன்று, 1877இல் நம் பக்கத்து ஊரான கோல கங்சாரில் நட்டார்கள் என்று தலைமையாசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இப்பிரச்சினையை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அது இன்னும் கூடவில்லை. செல்லோவின் அடிமுள்ளுக்கு ரப்பர் மூடி உண்டு என்று செல்லோ கட்சியினர் ஓரிருமுறை நினைவூட்டியதும் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

மற்றக் கட்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியில் (1808) டிராம்போன்கள் முதல் மூன்று பகுதிகளிலும் வாய் திறப்பதில்லை, நான்காம் பகுதியில்தான் முழங்குகின்றன. அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார ஒழுக்கம் வேண்டும் என்று போலீஸ் பேண்ட் அண்ணன் வாதிட்டார். அவர் பேசியது முக்கால் மணி நேரம். உறுமி மேளக்குழுத் தம்பிகள் எல்லாரும் டிம்பனி என்னும் பெருமுரசின் பக்கம். மகளிர் பிரிவுத் தலைவி ஹார்ப் பக்கம் சாய்ந்திருந்தார். ஆனால் 47 கம்பிகள், ஏழு மிதிகள், சுதி சேர்ப்பதும் வாசிப்பவரே என்று அறிந்ததும் வீட்டில் இருக்கும் வேலை போதும் என்று விலகிக்கொண்டார். பொருளாளருக்கு அதுவரை எந்த வாத்தியத்திலும் பற்று இல்லை. டுவோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பனி முழுவதிலும் சிம்பல் தட்டு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கிறது, அதுவும் கடைசிப் பகுதியில், பெரிய ஆரவாரமில்லாமல் என்று கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு தட்டுக்கு ஓர் இரவுச் சம்பளம் என்ற கணக்கு அவருக்குப் பிடித்துப்போயிற்று. சிம்பல் கட்சியில் அவர் ஒருவரே உறுப்பினர்.

வயோலா. வயலினைவிடச் சற்றுப் பெரியது, அதைவிட ஒரு பஞ்சமம் கீழே சுதி சேர்ப்பது, தனக்கென்று ஆல்ட்டோ கிளெஃப் என்ற குறியீட்டை வைத்துக்கொண்டு வாசிப்பது. நண்பர்களோடு நால்வர் இசை வாசிக்க உட்கார்ந்தால் மோட்சார்ட் விரும்பி எடுத்தது வயோலா. இளம் பீத்தோவன் பான் நகர அரண்மனைக் குழுவில் வயோலாக்காரர். டுவோர்ஷாக் பிராக் நாடக அரங்கின் குழுவில் ஆண்டுக்கணக்கில் வயோலா வாசித்தவர். இசையை எழுதத் தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து இருபுறமும் கேட்கவே விரும்பியிருக்கிறார்கள். மேல்சுரம் பாடி மாலை வாங்கும் ஆசை அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வயோலாக்காரர்களைக் கேலி செய்யும் துணுக்குகள் மேற்கு நாடுகளில் ஏராளமாம். நம் உறுப்பினர் சிலர் அவற்றைத் தமிழாக்கிச் சங்க வாட்ஸ்ஆப் குழுவில் இட்டார்கள். நிர்வாகக் காரணங்களுக்காக அவை நீக்கப்பட்டன.

விவாதம் முற்றிய நிலையில் கோலாலம்பூருக்குப் பேருந்துப் பயணம் ஏற்பாடானது. இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கம் 1998இல் திறக்கப்பட்டது. மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இருப்பிடமும் அதுவே. அங்கே உடை ஒழுங்கு உண்டு என்று முன்கூட்டியே சுற்றறிக்கை விட்டிருந்ததால், சப்பாத்து இல்லாதவர்கள் மருமகனிடம் இரவல் வாங்கி வந்தார்கள். பேருந்தில் கட்சிவாரியாக இடம் பிடித்தார்கள். தாப்பா ஓய்விடத்தில் தே தாரிக் குடிக்க இறங்கியபோதும் கட்சிவாரியாகவே நின்றார்கள். அரங்கில் முதல் பகுதி முடிந்ததும் கைதட்டியவர்கள் டிம்பனிக் கட்சியினர். பகுதிகளுக்கிடையே தட்டும் வழக்கமில்லை என்று ஆசிரியை சாடையால் சொன்னார். நல்ல இடத்தில் தட்டாமல் வேறு எப்போது தட்டுவது என்று தம்பிகள் இன்றுவரை கேட்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் முடிந்தால் காத்திருந்தா தட்டுகிறோம்?

முடிவு காண்பதற்காகத் தலைவர் பட்டிமன்றத்துக்குப் பதில் வாக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1945இல் எழுதிய ‘இளையோருக்கான இசைக்குழு வழிகாட்டி’ அதற்கு வசதியாக அமைந்தது. இசையமைப்பாளர் பர்செல்லின் பழைய மெட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு முறை கொடுக்கிற படைப்பு அது. ஒவ்வொரு வாத்தியமும் முடிந்ததும் ஒலியை நிறுத்திக் கை தூக்கச் சொன்னோம். தன் கட்சிக்குத் தானே வாக்களிக்கக் கூடாது என்பது ஒரே விதி. கிளாரினெட்காரர்கள் வயலினுக்குப் போட மாட்டார்கள், வயலின்காரர்கள் கிளாரினெட்டுக்குப் போட மாட்டார்கள், ஓபோவும் டிராம்போனும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. யாருக்கும் பகையில்லாத வாத்தியம் எது என்று ஒவ்வொரு கட்சியும் தனித்தனியே யோசித்ததில், வயலினைப் போன்ற, ஆனால் மிகப் பெரிய வாத்தியமான டபுள் பாஸ் மிகப் பெரும்பான்மையில் வென்றுவிட்டது. அதற்குக் கட்சியே இல்லை. நம் ஊரில் அதைத் தொட்டுப் பார்த்தவர்கூட இல்லை. வயோலாவுக்கு விழுந்த வாக்குகளை எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை.

இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு, இவ்வறிக்கையை ஏற்குமுன் அனைவரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். திரையும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய கோயில் நிர்வாகத்துக்கும், ஒவ்வொரு மாதமும் பலகாரம் செய்து வந்த மகளிர் பிரிவுக்கும் நன்றி.

இன்றைய கூட்டத்தின் முன் இரண்டு தீர்மானங்கள் உள்ளன. வென்ற வாத்தியம் ஒன்றைச் சங்கம் வாங்க வேண்டும் என்பது முதலாவது. முன்மொழிந்தவர் நாதஸ்வர வித்வான், வழிமொழிந்தவர் போலீஸ் பேண்ட் அண்ணன். இருவரும் ஆண்டு முழுவதிலும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான். ஆளுயரத்துக்கு மேல் இருக்கும் வாத்தியத்தைத் தம் மைவி காரில் ஏற்ற முடியாது, லாரி வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பொருளாளர் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார். இரண்டாவது தீர்மானம் பின்மூலை மின்விசிறியைப் பற்றியது. அதையே முதலில் எடுத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இரவு உணவு உண்டு. மேசைகளைக் கட்சிவாரியாக இழுத்துப் போட வேண்டாம் என்று மகளிர் பிரிவு கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்