லாரிகள் இரவில் நிற்க இடம் கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்:
கனரக வாகன ஓட்டுநர்,
திருச்செங்கோடு வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பை-பாஸ் ரோட்டில் சரக்கு லாரிகளை இரவில் நிறுத்தி ஓட்டுநர்கள் உறங்க இடம் ஒதுக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்த இரண்டு மனுக்கள் (ஒப்புகைச் சீட்டு நகல் இணைப்பு).

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். பெங்களூரில் லோடு ஏற்றி தூத்துக்குடி துறைமுகம் வரை லாரி ஓட்டுகிறேன். என்.எச். 44-ல் தொப்பூர் கணவாய் இறங்கும் முன் கொஞ்சம் கண்ணயர்ந்தே ஆக வேண்டும். அடிக்கடி விபத்து நடக்கும் அந்த இறக்கத்தைப் பற்றித் தாங்கள் அறியாததல்ல.

1. எடை மேடைக்கு எதிரே நாங்கள் வழக்கமாக நிறுத்தும் பொட்டலுக்குக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள்.

2. சர்வீஸ் ரோட்டில் நிறுத்தினால் போட்டோ பிடித்து சலான் வருகிறது. முதலாளி அதை என் பேட்டாவில் கழிக்கிறார்.

3. பெட்ரோல் பங்கில் டீசல் அடிக்காத வண்டிக்கு இடமில்லை. போன மாதம் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு அங்கே ஓரமாக நிறுத்திப் படுத்தேன். ஒரு மணிக்கு வாட்ச்மேன் தடியால் கதவைத் தட்டினார். டேங்கர் வந்து இறக்க வேண்டுமாம். அவரையும் குறை சொல்ல முடியாது. சர்வீஸ் ரோட்டுக்குப் போனேன். இரண்டு மணிக்கு ரோந்து வண்டி ஹாரன் அடித்து எழுப்பியது. மூடிய தாபா முன்னால் நிறுத்தினேன். அங்கே கண் மூடினால் திருடன் டீசல் டேங்க்கில் டியூப் போட்டுவிடுவான். சீட்டில் உட்கார்ந்தபடியே விழித்திருந்தேன். நான்கு மணிக்கு முகத்தில் தண்ணீர் அடித்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, இருபது டன் லோடோடு கணவாய் இறங்கினேன். எனக்கு முன்னால் ஒரு ஆம்னி பஸ். உள்ளே எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்களோ! அன்றைக்கு ஒரு நொடி என் கண் சொருகியிருந்தால் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்திருப்பார்கள். தூங்க விடாதவர்களை எந்த எஃப்.ஐ.ஆரில் சேர்ப்பது அம்மா?

4. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 117, வண்டிகள் நிற்க இடம் குறித்துக் கொடுக்க வழி சொல்கிறது. இடையூறாக நிறுத்துவதைத் தடுக்கும் பிரிவு 122 மட்டும்தான் எல்லோருக்கும் மனப்பாடம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேர ஓய்வு என்று இருந்தது. ஓய்வு எடுக்கலாம், சரி, எங்கே?

5. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். நல்லது. அந்த லாரியையும் நிறுத்தத் தரை வேண்டுமே!

கட்டடம் கேட்கவில்லை. மேடு பள்ளம் நிரவிய இரண்டு ஏக்கர், ஒரு ஹைமாஸ் விளக்கு, கழிப்பறை, தண்ணீர்க் குழாய். இரவுக்கு ஐம்பது ரூபாய் வாங்கினாலும் கொடுக்கிறோம். வேலி போட்ட அந்தப் பொட்டல் புறம்போக்கு என்று அங்கே கடை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். வருவாய்த் துறை மூலம் விசாரித்து, இரவு பத்து முதல் காலை ஆறு வரையாவது திறந்துவிடப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் மனு கொடுக்க வந்த அன்று, அலுவலகச் சாலை முனையில் லாரி நின்றதற்கும் ஒரு சலான் வந்தது. அதையும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இடம் கொடுங்கள் அம்மா. நாலாவது மனுவும் எழுத வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரி ஓட்டுநர்