கை கோக்க ஆளில்லாமல்

அன்புள்ள தோழிக்கு,

“இன்னும் ஆடுகிறாயா?” என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் கேட்டிருந்தாய். ஆடுகிறேன், ஆனால் தனியாக. நம்மைப் போல ஜோடி சேர்ந்து ஆடிப் பழகியவர்களுக்கு அது ஆடவில்லை என்பதற்குச் சமம்தான். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது, அந்த வாரமே எங்கள் நடன இரவையும் நிறுத்திவிட்டார்கள். சீக்கிரம் திறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் ஷூவைப் பையிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை. இப்போது வருடமே திரும்பி 2021 ஆகிவிட்டது.

ஆன்லைனில் ஒரு சால்சா வகுப்பில், அதே லத்தீன் ஜோடி நடனம்தான், சேர்ந்து பார்த்தேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் பாட்டு முன்னே பின்னே போய்ச் சேர்வதால் எல்லோரையும் ம்யூட் செய்துவிட்டுத்தான் ஆசிரியர் பாட்டையே போடுவார். திரையில் கட்டம் கட்டமாக ஆளாளுக்கு ஒரு தாளத்தில் குதித்துக்கொண்டிருப்போம், பார்க்க நல்ல தமாஷ். ஒன்று-இரண்டு-மூன்று, நாலில் நிறுத்தம், ஐந்து-ஆறு-ஏழு, எட்டில் நிறுத்தம், எல்லாம் கச்சிதமாக வருகிறது. என் சுற்றுகள்கூட முன்னைவிட நன்றாக இருக்கின்றன, பொய் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமே அதில்தான். இழுக்கவும் தடுக்கவும் எதிரே ஒரு ஆள் இல்லையென்றால் சுற்று ஏன் தப்பப் போகிறது?

நீயும் உன் வீட்டுக்காரரும் சாப்பாட்டு மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடுவதாக எழுதியிருந்தாய். கொடுத்து வைத்தவள் என்று பொறாமைப்பட்டுக்கொண்டே படித்தேன், அடுத்த பத்தியிலேயே “அவர் என்ன செய்யப் போகிறார் என்று முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, அலுப்பாக இருக்கிறது” என்று நீயே போட்டிருக்கிறாய். எனக்கு ஒரே சிரிப்பு, ஆனால் அதைப் படித்த பிறகுதான் எனக்கே ஒன்று புரிந்தது. ஆடத் துணை இல்லையே என்றுதான் இத்தனை மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு துணை கிடைத்தாலும் போதாது. பேர்கூடத் தெரியாத ஒருவரோடு ஒரு பாட்டு, அப்புறம் இன்னொருவரோடு இன்னொரு பாட்டு, ஆள் மாற மாற நாமும் வேறு மாதிரி ஆடுவோமே, எனக்கு அதுதான் வேண்டும்.

நீ சால்சாவோடு நின்றுவிட்டாய், நான் டாங்கோ என்ற இன்னொரு ஜோடி நடனத்தின் பக்கமும் போனேன், அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். டாங்கோ ஆடும் கூட்டத்துக்கு மிலோங்கா என்று பெயர். மூன்று அல்லது நான்கு பாட்டு சேர்ந்தால் ஒரு டாண்டா, அது முடிகிறவரை ஒரே ஜோடி. பிறகு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு இசையைக் கொஞ்ச நேரம் போடுவார்கள், எல்லோரும் தளத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும். அடுத்த டாண்டாவுக்கு யாரையும் கையைப் பிடித்துக் கூப்பிடுவது நாகரிகமில்லை. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு பார்வை, அங்கிருந்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஆறடி தள்ளி நின்றே இதுவரைக்கும் செய்துவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வருகிறதே அணைப்பு, அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

ஆடத் தெரிந்தவர் யார் என்று எதை வைத்துச் சொல்வேன் தெரியுமா? பாட்டு தொடங்கியதும் அவசரப்படாமல் நிற்பார். இடமும் வலமுமாக, பார்க்கிறவர்களுக்குத் தெரியாத அளவுக்கு, லேசாக அசைவார். என் எடை இந்த நொடி எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்கிறார் என்று அர்த்தம். அது தெரிந்த பிறகுதான் முதல் அடியை எடுத்து வைப்பார், என் கால் தானாகப் பின்னால் போகும், நான் யோசித்திருக்கவே மாட்டேன். பேர் தெரியாது, என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாது, ஆனால் என் எடை எந்தக் காலில் என்று தெரிந்து வைத்திருக்கிறார்! இந்த வருடம் முழுக்க எத்தனையோ பேர் வீடியோ காலில் என்னிடம் “எப்படி இருக்கிறாய்” என்று கேட்டார்கள், அந்தக் கவனம் ஒன்றில்கூட இல்லை. (உன்னைச் சொல்லவில்லை.)

இதில் கொடுமை என்னவென்றால், நமக்குப் பிடித்தது எதுவோ அதுவேதான் கிருமிக்கும் தோது. மூடிய அறை, மூச்சு வாங்கும் உடம்புகள், முகத்துக்கு முகம், சில பாட்டுக்கு ஒருதரம் ஆள் மாற்றம். தென்கொரியாவில் 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்தது உனக்கு நினைவிருக்கலாம், உடற்பயிற்சி நடன வகுப்புகள் வழியாக 112 பேருக்குத் தொற்றியது. அவர்கள் யாரும் கை கோத்து ஆடவில்லை, சின்ன அறையில் வேகமாக ஆடினார்கள், அவ்வளவுதான். தொற்று இருந்த ஒரு பயிற்சியாளர் பிலாட்டீஸ், யோகா என்று மெதுவான உடற்பயிற்சி வகுப்புகளும் எடுத்திருக்கிறார், அந்த மாணவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வாயடைத்துப் போய்விட்டது.

போன மாதம் ஒருவர் ரகசியமாகக் கூப்பிட்டார். பத்தே பேர், தெரிந்தவர்கள்தான், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்றார். சபலம் வரவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆனால் கணக்குப் போட்டுப் பார்: ஐந்து பேர் ஜோடியில் அடியை நடத்துகிறவர்கள், ஐந்து பேர் அதைப் பின்தொடர்கிறவர்கள், எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் ஒரே இரவில் 25 ஜோடி. ஒவ்வொருவர் வீட்டிலும் வயதானவர்கள் வேறு. வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம், இன்னும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் பழைய கதையும் படித்தேன். 1918 ஃப்ளூவின்போதும் அமெரிக்காவில் பல ஊர்களில் நடன அரங்குகளை மூடியிருக்கிறார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கு திறந்தது 1926-இல், அங்கேதான் லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் வளர்ந்தது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். ஃப்ளூ போனதால்தான் அது வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மூச்சுக்கு அவ்வளவு பயந்த ஊர்களில் சில வருடங்களிலேயே மறுபடி அத்தனை பேர் ஒட்டி நின்று ஆடியிருக்கிறார்கள், எனக்கு இப்போதைக்கு அது போதும். அதற்கும் முன்னால் 1816-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை வால்ட்ஸ் என்ற ஜோடி நடனத்தைக் கண்டித்துத் தலையங்கமே எழுதியது, காரணம் கிருமி இல்லை, ஜோடிகள் ரொம்ப நெருங்கி ஆடுகிறார்களாம்!

தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள், நம் முறை எப்போது வருமோ. அரங்கு திறந்தாலும் முதல் ஆளாக ஓடுவேனா என்று தெரியவில்லை. முதல் தடவை ஒருவர் கையை நீட்டும்போது உடம்பு பின்வாங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, இப்போதெல்லாம் கடையில் யாராவது பக்கத்தில் வந்தாலே நகர்ந்துவிடுகிறேன். உனக்கும் அப்படித்தானா?

அப்புறம், உன் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று முன்னாலேயே தெரிகிறது என்றால் ஒருநாள் நீ நடத்து, அவர் பின்தொடரட்டும். மேசையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள், கண்டிப்பாக இடிப்பார். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

உன் தோழி