மே மாதத்தை ஒருமுறை பார்

கொழிஞ்சாம்பாறை

அன்புக் கண்ணுவுக்கு,

நேற்று இரவு போனில் நீ சொன்னதைக் கேட்டு அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு பெருமை. ஒரு கம்பெனியை முழுநேரமாக நடத்திக்கொண்டு, வெளியே இன்னொரு கம்பெனியின் போர்டிலும், அதாவது இயக்குநர் குழுவிலும், இருக்கிறாய். இப்போது இன்னும் இரண்டு கம்பெனிகள் தங்கள் போர்டுக்கு அழைக்கின்றன. முழுநேர இயக்குநர், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட மூன்று கம்பெனிகளில் சுயேச்சை இயக்குநராக, அதாவது நிர்வாகத்தில் சேராத வெளி ஆளாக, இருக்கப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி இடம் தருகிறது என்றாய். சரிதான். வெளி போர்டில் உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் போர்டு உனக்கு நல்லதே செய்தது.

ஆனால் வருடத்துக்கு நான்கைந்து கூட்டம்தானே என்றாய் பார், அந்தக் கணக்கு எனக்குச் சரிப்படவில்லை. மார்ச் 31-இல் கணக்கு முடிந்தால் 60 நாளுக்குள் ஆண்டுக் கணக்கு முடிவுகள் வெளிவர வேண்டும். மற்றக் காலாண்டுகளுக்கு 45 நாள். உன் கம்பெனிக்கும் அவர்களுக்கும் கெடு ஒன்றே. நான்கு இடத்திலும் தணிக்கைக் குழு, போர்டு எல்லாம் அதே சில வாரங்களில்தான் கூடும்.

நான் பால் சங்கத்தில் செயலாளராக இருந்தபோது எங்கள் தலைவர் நல்ல மனிதர். கோவில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி, வங்கிக் குழு எல்லாவற்றிலும் அவரே. ஓணத்துக்கு முந்தின வாரம் எல்லோருக்கும் அவர் கையெழுத்து வேண்டும். பட்டுவாடா காசோலைகளைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் மூன்று இடம் அலைந்தேன். இரவு எட்டு மணிக்குக் கோவில் வாசலில் பிடித்தேன். சைக்கிள் சீட்டின் மேல் வைத்தே வரிசையாகப் போட்டுக் கொடுத்தார், ஒரு தொகையையும் படிக்கவில்லை. ஒன்றில் நான் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாக எழுதியிருந்தேன். மறுநாள் வங்கி கவுன்டரில் தெரிந்தபோது கை நடுங்கியது. அசதியில் தவறியவன் நான். அதைப் பிடிப்பதற்காகத்தான் இரண்டாவது கையெழுத்தே இருந்தது.

நீ முன்பு அனுப்பிய கட்டுரையிலும் இருந்ததே: 2006-இல் ஃபிச், சிவதாசானி இருவரும் அமெரிக்கக் கம்பெனிகளை ஆராய்ந்தார்கள். வெளி இயக்குநர்களில் பெரும்பாலோர் மூன்று, அதற்கு மேல் போர்டுகளில் இருந்த இடங்களில் லாபம் குறைவாக இருந்தது. மாறாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு, தெரியும். எனக்கு அந்தக் காசோலை மறக்கவில்லை.

வேறு போர்டில் சேர உன் போர்டின் அனுமதி வேண்டுமல்லவா? அதைக் கேட்பதற்கு முன் மே மாதக் காலண்டரில் நான்கு கம்பெனிகளின் தேதிகளையும் குறி. நூற்றுக்கணக்கான பக்கம் வரும் கூட்டத் தாள்களை எந்த இரவில் படிப்பாய் என்பதையும் எழுது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எனக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா