குழியை மூடிவிட்டுக் கிளம்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைகளில் சாயங்காலமெல்லாம் பிள்ளைகள் மணல்கோட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். காசு செலவில்லாத, எளிதில் அலுக்காத பொழுதுபோக்கு இது. இருட்டுவதற்குள் கோட்டை சரிந்துவிடும். அதற்காகத் தோண்டிய குழி மட்டும் முழங்கால் ஆழத்திலும் சில இடங்களில் இடுப்பளவிலும் அப்படியே கிடக்கும். ஈர மணல் அடியில்தான் கிடைக்கும் என்று நினைத்தே இத்தனை ஆழம் தோண்டுகிறார்கள். கடல்தண்ணீரை மேலே கொண்டுவந்து ஊற்றினால் காய்ந்த மேல்மணலே போதும். ஒரு மீட்டர் அகலம், இடுப்புக்குச் சற்றுக் கீழான உயரம் உள்ள கூம்புக்குச் சுமார் 200 லிட்டர் மணல் ஆகும். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் அரைச் சாண் ஆழத்துக்கு வழித்தெடுத்தால் அது கிடைத்துவிடும்.

மணலைப் பிடித்து நிறுத்துவது துகள்களுக்கு இடையில் பாலம் போல நிற்கும் சொற்பத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. காய்ந்தால் பாலம் அறும். இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பினாலும் பாலம் இல்லாமல் போய் மணல் கூழாக வழியும். மணலின் கன அளவில் சுமார் 1 சதவீதத் தண்ணீர் இருக்கும்போது பிடிமானம் உச்சத்தில் இருக்கிறது என்று 2012இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. மணல்தூண் நிற்கக்கூடிய உயரம் அடிப்பக்க ஆரம் கூடும் அளவுக்குக் கூடாது, அதைவிட மெதுவாகவே (கணக்கில் ஆரத்தின் 2/3 அடுக்காக) கூடும் என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆரத்தை எட்டு மடங்காக்கினால்தான் உயரம் நான்கு மடங்காகும். ஒல்லியாக உயரக் கட்ட ஆசைப்படும் பிள்ளைகளிடம் முதலில் அடியை அகலப்படுத்தச் சொல்லுங்கள்.

அப்படியானால் எதற்கு வாளி வாளியாக ஊற்ற வேண்டும் என்று கேட்கலாம். ஊற்றும் தண்ணீர் கீழே இறங்கும்போது துகள்களை நெருக்கி உட்காரவைத்துவிட்டுப் போகிறது. தேவையான ஈரம் மட்டும் தங்குகிறது. அதனால் மணலைக் குவித்துவிட்டுக் கடைசியில் மேலே தண்ணீர் தெளிப்பதில் பயனில்லை. உள்ளே காய்ந்தே இருக்கும், கத்தி பட்டதும் சரியும். நான்கு விரற்கடை கனத்துக்கு ஒரு அடுக்கு மணல், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், வடிந்ததும் உள்ளங்கையாலோ காலாலோ நன்றாக மிதி, பிறகு அடுத்த அடுக்கு. இருபது லிட்டர் மணலுக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கைப்பிடி மணலை உருட்டி மறுகைக்கு மெல்லத் தூக்கிப் போட்டுப் பாருங்கள். உடையாமல், விரலிடுக்கில் தண்ணீர் கசியாமல் இருந்தால் பதம் சரி.

கடைகளில் விற்கும் சின்னக் கோட்டை அச்சுகள் அவ்வளவு உதவாது. காலியான 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டின் அடியை அறுத்துவிட்டு, அகலமான வாய் தரையில் படும்படி கவிழ்த்து வையுங்கள். மேலே திறந்திருக்கும் வழியாக மேற்சொன்னபடி அடுக்கடுக்காக நிரப்பி, பக்கங்களைத் தட்டி, நேராக மேலே உருவினால் கல் போன்ற தூண் நிற்கும். அடியை அறுக்காத வாளியைக் கவிழ்த்தால் உள்ளே காற்று புக வழியில்லாமல் மணலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாதி உள்ளேயே நின்றுவிடும்.

செதுக்குவது எப்போதும் உச்சியிலிருந்து கீழ்நோக்கி. கீழே முடித்துவிட்டு மேலே போனால் உதிரும் மணல் முடித்த வேலையை மூடிவிடும். பழைய சமையல் கத்தி, கொத்தனார் கரண்டி, ஐஸ்கிரீம் குச்சி, உதிரியை ஊதித் தள்ள ஒரு ஸ்ட்ரா, இவ்வளவே கருவி. படிக்கட்டுக்கு முதலில் சரிவாக ஒரு தளம் வெட்டி, பிறகு ஒரு வெட்டு நேராக, ஒரு வெட்டு படுக்கையாக என்று மேலிருந்து இறங்கி வரவேண்டும். வளைவு வாசலை இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து நடுவில் சேர்க்க வேண்டும். வளைவுக்கு மேலே ஒரு சாண் மணலாவது மிச்சமிருக்கட்டும்.

நம் கடல் கிழக்கே இருப்பதால் மாலை வெயில் ஊர்ப்பக்கமிருந்து விழும். சன்னல், தூண் வேலைப்பாடெல்லாம் மேற்கு முகத்தில் வைத்தால் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். கடற்காற்று படும் கிழக்கு முகம் முதலில் காய்ந்து உதிரத் தொடங்கும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரேயரால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே பூமழையாகத் தெளியுங்கள். சிமென்ட், பசை, சாயம், தெர்மாகோல் எதுவும் கலக்க வேண்டாம்; அத்தனையும் கடலுக்குத்தான் போகும். தண்ணீர் மொண்டு வருவது பெரியவர்கள் வேலை. நம் கரையில் அலை காலை வாரிவிடும். வாளியோடு குழந்தையை அனுப்பக்கூடாது.

குழியைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. செங்குத்தான மணற்சுவர் காயக் காய எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சரியும். உள்ளே இருப்பவரின் மார்பை மணல் அழுத்தினால் கத்தக்கூட முடியாது. கூட இருக்கும் குழந்தைகளில் மிகச் சிறிய குழந்தையின் முழங்காலுக்கு மேல் எந்தக் குழியும் ஆழமாக வேண்டாம். பக்கவாட்டில் சுரங்கம் குடைவது கூடவே கூடாது. விடியுமுன் வலையைச் சுமந்து வரும் குப்பத்து மீனவர்களின் கால் இந்தக் குழிகளில்தான் இடறுகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இதே மணலில் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள் கோடையிலும் கடலை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சு முழங்கால் ஆழக் குழியில் விழுந்தால் ஏற முடியாது; காலையில் காகத்துக்கும் நாய்க்கும் இரையாகும்.

கிளம்பும்போது கோட்டையை இடித்து, அந்த மணலை எடுத்த இடத்திலேயே தள்ளி மிதித்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. பிள்ளைகள் இடிப்பதையும் ஆசையாகவே செய்வார்கள். கடற்கரை நுழைவாயில்களில் மாநகராட்சி வைத்திருக்கும் அறிவிப்புப் பலகைகளில் ‘தோண்டிய குழியை மூடிவிட்டுச் செல்லவும்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். விடுமுறை முடிவதற்குள் அது நடக்கத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மணற்சிற்ப ஆர்வலர்கள் சிலர்,
திருவான்மியூர், சென்னை.