பாய்லருக்கு உள்ள முத்திரை இதற்கும் வேண்டும்

ஆசிரியருக்கு,

மனிதரை மிஞ்சும் செயற்கை நுண்ணறிவு குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். 2023 நவம்பரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் நடந்த மாநாட்டில் 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் இதன் ஆபத்தை ஒப்புக்கொண்டன. 2024 மே மாதம் சியோல் மாநாட்டில் செயற்கை நுண்ணறிவை (ஏஐ) உருவாக்கும் 16 நிறுவனங்கள் பாதுகாப்பு வாக்குறுதி தந்தன. சரி, ஆனால் அது தாமாக முன்வந்து தந்த வாக்கு. மீறினால் கேட்க ஆளில்லை.

நான் ஒரு சாய ஆலையில் பாய்லர் பார்த்தவன். நீராவி அழுத்தம் அளவு மீறினால் தானே திறந்து வெளியேற்றும் சேஃப்டி வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதை ஆய்வாளர் முன்னிலையில் வைத்து, ஈய முத்திரை குத்திவிடுவார்கள். ஆர்டர் அவசரம், கொஞ்சம் கூட்டு என்று மேனேஜர் தலைமேல் நின்ற ராத்திரிகள் உண்டு. முத்திரையைக் காட்டுவேன்; முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். (என் பேச்சை மட்டும் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.) தன் ஏஐ மாடலைத் தானே சோதித்துத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு அப்படியொரு முத்திரை இல்லை, போட்டியாளர் முந்திவிடுவாரோ என்ற அவசரம் மட்டும் எங்கள் மேனேஜருடையதைவிடப் பல மடங்கு. 2025 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த ஏஐ பாதுகாப்பு நிறுவனத்துக்கு, பெரிய மாடல்களை வெளியீட்டுக்கு முன்பே சோதிக்கவும், தேவைப்பட்டால் நிறுத்திவைக்கவும் சட்டப்படி அதிகாரம் தரலாம்.

– ஓய்வுபெற்ற பாய்லர் ஆபரேட்டர், ஈரோடு