கோடை முகாமுக்கு முன், பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கிளை நூலகத்தில் கோடை முகாம் நடத்துவது எப்படி என்று நீ போனில் கேட்டதற்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி இதில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே எடுத்துப் படித்துவிடு. மே மாதம் படித்தால் பிரயோஜனமில்லை.

முதலில் தேதி. மே முதல் வாரம் பாதிப் பிள்ளைகள் மாமா வீடு, பாட்டி வீடு என்று போயிருப்பார்கள். கடைசி வாரம் சீருடை, நோட்டு, பள்ளிச் சேர்க்கை என்று பெற்றோர் அலைவார்கள். நடுவில் கிடைப்பது இரண்டு வாரம். அதில் 10 நாள் போதும். வெள்ளிக்கிழமை நமக்கு வார விடுமுறை என்பது நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்துக்குத் தெரியாது. ‘தினமும்’ என்று போட்டுவிடுவார்கள், வெள்ளியன்று பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளைகள் நிற்கும். நோட்டீஸில் கிழமை கிழமையாகத் தேதி போடச் சொல்.

நேரம், காலை 9.45 முதல் 12 வரை. கிரிக்கெட்டோடு போட்டி போடாதே, தோற்றுவிடுவாய். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரைக்கும் உங்கள் பக்கத்து வாய்க்காலும் ஆறும் மைதானம்தான். ஆட்டம் விடியற்காலையில் ஒன்று, மாலை 4 மணிக்கு மேல் ஒன்று. பத்து மணி வெயிலில் ஆட முடியாமல் பையன்கள் செல்போனில் கவிழ்ந்து கிடக்கும் நேரம்தான் உனக்கு உரியது. ஆனால் 12 என்றால் 12. கத்திரி வெயிலில் அரை மணி தாமதித்து அனுப்பினால் மறுநாள் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பேப்பர் படிக்கும் பெரியவர்களும் வருவார்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ளாதே. ஒரு வாரம் முன்பே சொல்லி, நாளிதழ் மேசையை வராந்தாவுக்கு மாற்றி, பேப்பர் பறக்காமல் இருக்க இரண்டு கல்லும் வைத்துவிடு. கேட்டுக்கொண்டால் அவர்களிலேயே இருவர் தினமும் உன்னுடன் உட்காருவார்கள். பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம் கூடத்தில் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். ஒருவர் தனியாக இருப்பது கூடவே கூடாது.

மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் அனுமதிக் கடிதம் போடு. தேதி, நேரம், எத்தனை பேர், யார் யார் வந்து பேசுவார்கள், செலவு யார் தருவது என்ற ஐந்தும் அதில் இருந்தால் திரும்பக் கேள்வி வராது. செலவுக்கு வாசகர் வட்டத்தைப் பிடி. ரொக்கமாக யார் நீட்டினாலும் கையில் வாங்காதே. கொடுக்க விரும்புகிறவரை 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரச் சொல், ரசீது போடு. முகாமுக்கு என்று தருவதானால் பொருளாகத் தரட்டும்: மளிகைக் கடையிலிருந்து கடலை, ஸ்டேஷனரிக் கடையிலிருந்து தாள். பேரூராட்சியில் உதவி கேட்கத் தயங்க வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறவர்கள். 1948 பொது நூலகச் சட்டம் வந்த நாளிலிருந்து இது அவர்கள் காசில் நடக்கும் இடம். கட்டடத்தைச் சுற்றிப் புதர் வெட்டவும், இரண்டு தண்ணீர் கேன் தினமும் இறக்கவும் கேள். புதரை அலட்சியமாக விடாதே. வெயில் ஏற ஏறப் பாம்பு குளிர்ச்சி தேடி உள்ளே வரும். அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்காமல் காலையில் பாயை விரிக்காதே.

30 பேருக்கு மேல் சேர்க்காதே, 3ஆம் வகுப்பு முதல் 8 வரை. படிவத்தில் பெயர், வகுப்பு, பெற்றோர் கைபேசி எண், யார் வந்து கூட்டிப் போவார்கள், வலிப்பு, ஆஸ்துமா உண்டா, போட்டோ எடுக்கச் சம்மதமா, கையொப்பம். அதனுடனேயே உறுப்பினர் படிவத்தையும் பின் அடித்துக் கொடுத்துவிடு. முகாமில் எனக்கு முக்கியம் அந்த இரண்டாவது படிவம்தான். பத்து நாளும் கூடம் நிரம்பி வழிந்து, ஜூன் மாதம் அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட நூல் எடுக்க வரவில்லை என்றால், நீ நடத்தியது நூலக முகாம் இல்லை. வெயிலுக்குப் பந்தல் போட்டிருக்கிறாய், அவ்வளவுதான். ஆகவே தினமும் கடைசி 20 நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதே. அந்த நேரத்தில் பிள்ளைகள் தாங்களாக அலமாரிக்குப் போய் எடுத்து, பக்கம் புரட்டி, வழங்கல் பதிவேட்டில் தாங்களே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக வேண்டும். மறுநாள் திருப்பித் தரும்போது ‘எத்தனை பக்கம் படித்தாய்’ என்று கேட்காதே. அதிகம் படித்தவருக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டால் எல்லோரும் மெல்லிய புத்தகமாகத் தேடுவார்கள். பிடித்த ஒரு இடத்தைச் சொல்லச் சொல், போதும்.

கதை வாசிக்கும்போது நீ ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதே. பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் படம் கறுப்பாகத்தான் தெரியும். ஜன்னல் உனக்கு எதிரில் இருக்கட்டும். படப் புத்தகம் ஒன்றைச் சுற்றி 12 பேருக்கு மேல் உட்கார்ந்தால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது, அங்கேதான் கிள்ளலும் அடியும் தொடங்கும். ஆகவே மூன்று குழுவாகப் பிரி. புரொஜெக்டர் கிடைத்தால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு அச்செடுக்கவும் செய்யலாம். உங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு மின்தடை உண்டா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள். கதை முடியும்வரை தலைக்கு மேல் ஓடும் ஃபேனைக் குறைத்து வை, இரைச்சலில் குரல் எடுபடாது.

கைவேலையில் மூன்று போதும்.

முதலாவது, ஒரே ஏ4 தாளில் 8 பக்கப் புத்தகம். தாளைப் படுக்கையாக வைத்துக் கீழ் ஓரத்தை மேல் ஓரத்தோடு சேர்த்து மடித்துப் பிரி. இடது ஓரத்தை வலதோடு சேர்த்து மடித்துப் பிரி. பிறகு இரண்டு ஓரத்தையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்துப் பிரி. எட்டுக் கட்டம் வந்திருக்கும். இப்போது மறுபடி இடதை வலதோடு சேர்த்து மடித்துவிட்டு, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து படுக்கைக்கோட்டின் மேலேயே ஒரு கட்டம் வரை மட்டும் கத்தரி. பிரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். கீழ் ஓரத்தை மேல் ஓரத்தோடு சேர்த்து நீளமாக மடித்து, இரு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் அந்தக் கீறல் வாயைப் பிளக்கும். கூட்டல் குறி மாதிரி நாலு இதழ் நிற்கும்போது சுற்றி மடித்து அழுத்திவிடு. தவறு நடப்பது இரண்டு இடத்தில். மடிப்பை விட்டுத் திறந்த ஓரத்திலிருந்து கத்தரித்தால் புத்தகம் ஆகாது, அந்தத் தாள் போச்சு. தாளைப் பிரித்து வைத்துக்கொண்டே படம் வரைந்தால் பாதிப் பக்கம் தலைகீழாகிவிடும், ஏனென்றால் மேல் வரிசைக் கட்டங்கள் மடிக்கும்போது திரும்பிக்கொள்ளும். முதலில் மடிக்கட்டும், பென்சிலில் 1 முதல் 8 வரை எண் போடட்டும், பிறகு எழுதட்டும். ஆளுக்கு இரண்டு தாள் கணக்கு வை. முதல் தாள் கெடத்தான் செய்யும். முனை மழுங்கிய கத்தரிக்கோல் 6 போதும். எழுதி முடித்ததும் அட்டையில் பெயர் போட்டு ஒரு தனி அலமாரித் தட்டில் அடுக்கு. தன் பெயர் போட்ட புத்தகம் நூலகத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பார்க்க அப்பாவையும் சித்தியையும் கூட்டி வருவார்கள்.

இரண்டாவது, புத்தக வைத்தியம். 100 கிராம் மைதாவை முதலில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அரை லிட்டர் கொதிநீரில் ஊற்றி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை சிறு தீயில் கிளறினால் பசை. இந்த வெயிலில் ஒரு நாள்தான் தாங்கும், மறுநாள் புளித்துவிடும். பைண்டிங் கடையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் பசையில் வேண்டாம். கிழிந்த பக்கத்துக்கு விரல் அகல மெல்லிய வெள்ளைப் பட்டத் தாள், அதில் லேசாகப் பசை, இரண்டு பக்கமும் பாலிதீன் வைத்து மேலே கனமான தொகுதி ஒன்று, ஒரு இரவு. பசையைக் கெட்டியாக அப்பினால் பக்கம் நெளியும், அடுத்த பக்கத்தோடு ஒட்டும், மீந்த மைதாவுக்கு ராமபாணப் பூச்சி வரும். செல்லோடேப் பக்கமே போகாதே. சில வருஷத்தில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும், அதன் கறை மட்டும் எழுத்தின் மேல் நிற்கும். இன்னொன்று: பயிற்சிக்குப் பழைய பாடப் புத்தகத்தைக் கொடு. நம் அலமாரியில் எவ்வளவு கிழிந்து கிடந்தாலும் இருப்புப் பதிவேட்டில் எண் உள்ள நூல் கணக்கில் உள்ள நூல். படம் வெட்டி ஒட்டக் கொடுத்துவிட்டால் தணிக்கையில் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அஞ்சலட்டை. ஒன்று 50 பைசா, 30 பேருக்கு 40 அட்டை வாங்கினாலும் 20 ரூபாய்தான். சிறு ஊர்த் தபால் நிலையத்தில் கையிருப்பு இருக்காது, ஒரு வாரம் முன்பே சொல்லி வை. தன் வீட்டு முகவரிக்கே, தன் பெயருக்கே எழுத வேண்டும். முதலில் ரஃப் தாளில் எழுதவிடு. நேராக அட்டையில் எழுதினால் செய்தி முகவரிப் பகுதிக்குள் ஓடிவிடும். பின்கோடு ஆறு கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று நீ ஒருமுறை பார். பல பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுக் கதவு எண் தெரியாது. அன்று மாலை கேட்டு வரச் சொன்னால் அதுவே ஒரு பாடம். ஏழாம் நாள் தபால் நிலையத்துக்கு வரிசையாகக் கூட்டிப் போய்ப் போடு, முத்திரை விழுவதைக் காட்டச் சொல். முகாம் முடிவதற்குள் அட்டை வீடு வந்துவிடும்.

ஊர்க்காரர்களை வரவழைப்பதில் உங்கள் பக்கம் கொடுத்துவைத்தது. நாதஸ்வரக்காரர் ஒருவர் நடக்கிற தூரத்தில் இருப்பார். முகூர்த்த நாளில் மட்டும் கூப்பிடாதே. பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத் தேதி கேள். கச்சேரி வேண்டாம், கருவியைக் கழற்றிக் காட்டட்டும்: வாயில் வைத்து ஊதும் சீவாளி எப்படி ஈரமாகிறது, நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் எப்படி வருகிறது, தவில்காரர் விரலில் கூடு எதற்கு. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் 2022ல் புவிசார் குறியீடு பெற்றது என்பதை நீ சொல். கூடத்தில் ஊதினால் காது அடைத்துவிடும், வாசிப்பதை மரத்தடிக்கு வைத்துக்கொள். அவர் பேசி முடிக்கும்போது இசை, மரம், கைத்தொழில் பற்றிய பத்து நூல் மேசையில் விரித்திருக்க வேண்டும். மறுநாள் தேடி எடுத்து வைத்தால் ஒருவரும் தொட மாட்டார்கள். செவிலியர், மின்வாரிய ஊழியர், நாற்றுப் பண்ணைக்காரர் யார் வந்தாலும் இதே முறைதான். ஆளுக்கு 25 நிமிடம்.

மெயின் ரோட்டைத் தாண்டி வர முடியாத தெருப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக இரண்டு நாள் மாலை 5 மணிக்கு 40 நூலைப் பையில் எடுத்துக்கொண்டு அங்கே போ. மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல் ஏற்றி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கியது 1931ல். தொடங்கி வைத்தவர் நூலக அறிவியல் மேதை, சீர்காழிக்காரர் ரங்கநாதன். உனக்கு மொபெட் இருக்கிறது. நூல் எண்களை எழுதிக்கொண்டு கிளம்பு, எண்ணித் திரும்பு.

தீனி விஷயம். சுண்டலுக்கு, 30 பேருக்கு 1 கிலோ கொண்டைக்கடலை ஊற வைத்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடிக்கு மேலேயே வரும். மாலையிலேயே ஊறப்போட்டால் இந்த வெக்கையில் காலைக்குள் நுரைத்து நாறும். படுக்கப் போகும்போது போடு. தேங்காயை வீட்டிலேயே சேர்த்து எடுத்து வராதே, 11 மணிக்குள் ஊசிவிடும். ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் மோர்: ஒன்றரை லிட்டர் தயிருக்கு நாலரை லிட்டர் கேன் தண்ணீர், ஆளுக்கு ஒரு டம்ளர். சாப்பிட்ட கையோடு அலமாரிப் பக்கம் போக விடாதே, வாசலில் ஒரு பக்கெட் தண்ணீரும் துண்டும் வை.

நிறைவு நாளில் சிறப்பு விருந்தினர் ஒருவர் போதும், அவருக்கும் பத்து நிமிடம்தான். கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிடு. மேடை, ஃபிளெக்ஸ், பொன்னாடைக்குக் காசைக் கரைக்காதே. பிள்ளைகள் செய்த புத்தகத்தைப் பெற்றோர் கையில் கொடுத்து அங்கேயே படிக்கச் சொல். சான்றிதழில் பெயரைப் படிவத்தைப் பார்த்து எழுது, காதால் கேட்டு எழுதாதே. பள்ளி திறந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமைக்கு ஒரு கதை நேரம் வைத்து, அந்தத் தேதியைச் சான்றிதழின் கீழேயே அச்சடித்துவிடு.

அடுத்த வாரம் அம்மா அங்கே வருகிறாள். ஆறு கோரைப்பாய், குத்தூசி ஒன்று, மெழுகு தேய்த்த நூல் ஒரு உருண்டை கொடுத்து அனுப்புகிறேன். குத்தூசியைப் பூட்டி வை, பிள்ளைகள் கைக்குப் போக வேண்டாம். பாய் ஆறும் பக்கத்து வீட்டுக்காரருடையது, முகாம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.

அன்புடன்,
அப்பா